கைக்கு வந்த குழந்தை ஏட்டிலும் வருக

கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களைக் கல்யாண் நிலையத்து நடைமேடையில் காணாதவர் நம்மில் எவரும் இரார். நாகர்கோவில் விரைவு வண்டிக்காகப் பெட்டிகளையும் மூட்டைகளையும் சுற்றி வைத்து நடுவே பிள்ளைகளை உட்கார்த்திக் காத்திருக்கும் அக்காட்சி, ஆண்டுதோறும் நாம் காணும் ஒரு திருவிழா. சென்ற கோடையில் அந்த நடைமேடையில் ஒரு சிறுமி நம்மை ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. இம்மாதம் கூற முயல்கிறோம்.

அவள் தந்தையென நாம் அறிந்தவர் இருப்புப் பாதைப் பிரிவில் பணியாற்றுபவர்; தென்காசிப் பக்கத்தவர்; உல்லாஸ்நகர் 4ஆம் முகாமில் வசிப்பவர். வயதில் மூத்தவராதலின் ‘அண்ணாச்சி’ என்றே அவரை அழைப்போம். அவருக்கு ஒரு மகன் உண்டு. இச்சிறுமியோ அவருடைய தம்பியின் மகள். தம்பி ஊரில் காலமானபோது குழந்தைக்கு வயது 3. மூன்று பிள்ளைகளோடு பீடி சுற்றிப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட தம்பி மனைவியின் துயரத்தைக் கண்டு, அண்ணாச்சியின் துணைவியார் கடைசிக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கு வந்துவிட்டார். அன்று முதல் அவள் இவர்களை அப்பா, அம்மா என்றே அழைத்து வளர்ந்தாள்.

நாம் ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பாஸ் விண்ணப்பமும் விடுமுறை விண்ணப்பமும் நம் மேசை வழியாகவே செல்லும். இஃது அச்சிறுமிக்குத் தெரியும். வண்டி வருமுன் அவள் நம் அருகில் வந்து, “சித்தப்பா, பாஸ் எழுதுவது நீங்கள்தானே? அப்பா, அம்மா, அண்ணன் மூவர் பெயரும் அதில் இருக்கின்றன. எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் தனியாக டிக்கெட் வாங்குகிறார்கள்?” என்று வினவினாள்.

விதி நமக்குத் தெரியும். பாஸ் விதியில் மகன் உண்டு, மகள் உண்டு. தம்பி மகள் இல்லை. ஆயினும் பதினோரு ஆண்டுகள் மகளாக வளர்ந்தவளிடம் ‘நீ மகளல்லை’ என்று எந்த வாயால் கூறுவது? வண்டி வந்தது, நாம் தப்பினோம்.

உறவில் குழந்தையைக் கொடுத்து வாங்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. அக்காளுக்குப் பிள்ளையில்லையெனத் தங்கை தன் பிள்ளையைக் கொடுப்பாள்; தாயிழந்த குழந்தையை மாமன் எடுத்து வளர்ப்பான். இவற்றைக் குறை கூறுவோர் நாமல்லோம். இவ்வழக்கத்தால் எத்தனையோ பிள்ளைகள் சோறும் கல்வியும் பெற்றனர். ஆனால் ஊரில் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு நகரத்தில் இல்லை. ஊரில் ‘இது யார் வீட்டுப் பிள்ளை’ என்றால் தெருவே சாட்சி சொல்லும். இங்கோ பள்ளியும், ஆதார் நிலையமும், மருத்துவமனையும், ஓய்வூதிய அலுவலகமும் தாளைத்தான் கேட்கும்.

தாளின் மதிப்பை நம் உல்லாஸ்நகருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. போர்க்காலத்துக் கல்யாண் படைமுகாமில், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடும் நிலமும் அவற்றின் பத்திரங்களும் இழந்து வந்த சிந்தி மக்கள் தங்கியதால் எழுந்த ஊர் இது. 1949 ஆகஸ்ட் 8 அன்று இந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர், அந்நாளில் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி. தாம் யார், எவருடைய மக்கள், எங்கே எது தமக்குரியது என்பதை ஏடின்றி மெய்ப்பிக்க அவ்வகதிகள் பட்ட பாட்டை, இங்குள்ள முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

ஊரிலிருந்து அண்ணாச்சி திரும்பியதும் அவர் இல்லத்துக்குச் சென்று, “குழந்தையைச் சட்டப்படி தத்து எடுத்துக்கொள்ளலாமே” என்றோம். அவர் சிரித்து, “தத்து என்ன தம்பி தத்து? பதினோரு வருஷம் சோறு போட்டதற்கு மேலே ஒரு பத்திரமா?” என்றார். “அவள் பிறந்த நாள் யாது?” என்று கேட்டோம். 14 வயது நிறைந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தன. “அப்படியாயின் நமக்குப் பத்துத் திங்களே உள்ளன, அண்ணாச்சி” என்றோம். அவர் முகம் மாறியது.

காரணத்தை நேயர்களும் அறிய வேண்டும். இந்துக்களுக்குரியது 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். பௌத்தர், சமணர், சீக்கியர்க்கும் இதுவே. இச்சட்டத்தின்படி தத்துக் கொடுக்கப்படும் பிள்ளை 15 வயது நிறையாததாகவும் மணமாகாததாகவும் முன்பே தத்துப் போகாததாகவும் இருத்தல் வேண்டும். வேறு வழக்கம் உண்டென மெய்ப்பித்தாலன்றி இதற்கு விலக்கில்லை.

ஏனைய நிபந்தனைகளையும் சுருங்கக் கூறுவோம். மகனைத் தத்தெடுப்பவர்க்கு மகனோ, மகன் வழிப் பேரனோ, அப்பேரனின் மகனோ உயிருடன் இருத்தலாகாது. மகளைத் தத்தெடுப்பவர்க்கு மகளோ மகன் வழிப் பேத்தியோ இருத்தலாகாது. அண்ணாச்சிக்கு மகன் உண்டு, மகள் இல்லை. ஆகவே அவருக்குத் தடையில்லை. ஆண் ஒரு பெண்குழந்தையையோ, பெண் ஓர் ஆண்குழந்தையையோ தத்தெடுத்தால் இருவர்க்கும் 21 ஆண்டேனும் வயது வேறுபாடு வேண்டும். கணவன் எடுப்பதற்கு மனைவியின் இசைவு வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் மனைவியும் கணவன் இசைவோடு தன் பெயரில் தத்தெடுக்கலாம். கொடுப்பதற்கு முதல் உரிமையுள்ளவர் பெற்ற தந்தையும் தாயும். ஒருவர் கொடுக்க மற்றவர் இசைதல் வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் இருப்பவர் கொடுக்கலாம். பாட்டனோ பாட்டியோ அத்தையோ தம் விருப்பத்தால் கொடுத்துவிட முடியாது.

1956க்கு முன்பிருந்த பொதுவான இந்து முறையில் மகனையே தத்தெடுக்கலாம். குலம் விளங்கவும் ஈமக்கடன் ஆற்றவும் மகன் வேண்டுமென்பது அந்நாளையக் கருத்து. பெண்ணையும் பெண்ணென்றே விரும்பி ஏற்கலாம் என எழுதியது இச்சட்டம். அண்ணாச்சியின் இல்லத்துச் சிறுமிக்கு இக்கதவு திறந்து கிடந்தும், அதனருகே எவரும் செல்லாமலே ஆண்டுகள் கழிந்தன.

ஹோமம் கட்டாயமன்று. கொடுப்பவர் கொடுக்க, எடுப்பவர் ஏற்க, குழந்தை உண்மையாகக் கைம்மாறுதலே உயிர்நாடி. அதனை இருதரப்பும் கையொப்பமிட்ட பத்திரமாக எழுதித் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், தத்து முறைப்படி நடந்ததென்றே நீதிமன்றம் கொள்ளும். அன்று என்பவரே மெய்ப்பிக்க வேண்டும். தத்துக்காகப் பணம் கொடுத்தலும் பெறுதலும் குற்றம். ஆறு திங்கள்வரை சிறைக்கு இடமுண்டு. முறைப்படி நிகழ்ந்த தத்தினைப் பின்னர் எவரும் முறிக்க முடியாது. அந்நாள் முதல் பிள்ளை புதிய குடும்பத்தின் பிள்ளையே. எனினும் பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கலாகாதோ அவரைப் பின்னரும் மணக்கலாகாது. முன்பே தன்னைச் சேர்ந்த சொத்தும் அதனைவிட்டு நீங்காது.

மதத்தால் கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ உள்ள நம் குடும்பங்கள் ‘எங்களுக்கு வழியில்லையோ’ என வருந்த வேண்டா. நெடுங்காலம் அவர்களுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் என்னும் நிலையே கிட்டியது. பெற்றோர் என்னும் நிலை கிட்டவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் அதனை மாற்றிற்று. எம்மதத்தவரும் அதன்கீழ்த் தத்தெடுக்கலாமென 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்றுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறவினர் பிள்ளையை எடுப்பதற்குத் தனி வழியே உண்டு. தாய்வழி, தந்தைவழிப் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோர் இவ்வழியில் விண்ணப்பிக்கலாம். இதில் 18 வயது நிறையும்வரை இடமுண்டு. ஆகவே 15 வயது கடந்துவிட்ட இந்துப் பிள்ளைகளுக்கும் இது இரண்டாம் கதவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதற்கு வழிகாட்டுவர்.

உறவில் குழந்தை கிட்டாதவர் செல்ல வேண்டிய வழி ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தினுடையது. அதன் இணையத் தளத்தில் தாமே பதிவு செய்யலாம். தரகர் எவரும் வேண்டியதில்லை. மணமாகி இரண்டாண்டேனும் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை நாடுவோர், கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். மருந்திலும் கோவிலிலும் ஆண்டுகளைக் கழித்துவிட்டு இறுதியில் இவ்வாசலுக்கு வருவோர் நம்மில் பலர்; அவர்கள் இக்கணக்கை இன்றே போட்டுப் பார்ப்பாராக. பதிந்தபின் சமூகப் பணியாளர் இல்லத்துக்கு வந்து ஆய்வறிக்கை எழுதுவார். வாடகை வீடென்றும் ஒற்றை அறையென்றும் நாணவேண்டா. முறை வரச் சில ஆண்டுகள் ஆதலும் உண்டு. குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் ‘இக்குழந்தையை எங்களுக்கு ஒதுக்குக’ எனத் தெரிவிக்க வேண்டும். நேரில் கண்டு ஏற்க 30 நாள் உண்டு. ஏற்றபின் குழந்தை நம் இல்லத்திலேயே வளரும். ஆணை பின்னால் வரும். முன்பு அவ்வாணையை நீதிமன்றமே பிறப்பித்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அவ்வதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தது. அதன்பின் இரண்டாண்டுகள், ஆறு திங்களுக்கொருமுறை குழந்தையின் நலம் விசாரிக்க வருவர்.

‘இத்தனை நாள் யார் காத்திருப்பது?’ என்பார்க்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுவோம். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டத்து ராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளுக்கு விலை பேசியதாக ஒலிப்பதிவொன்று வெளிவந்து நாட்டையே திடுக்கிடச் செய்தது. 2023 மே மாதம் நம் உல்லாஸ்நகரிலேயே, பச்சிளங்குழந்தை விற்பனை என்னும் குற்றச்சாட்டின்பேரில் மருத்துவர் ஒருவர் உட்படச் சிலர் கைதாயினர். குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் சொல்ல விரும்புவது வேறு. காசு கொடுத்தும் பொய்ப் பிறப்புச் சான்று பெற்றும் எடுத்த குழந்தை, வளர்த்தவர் மடியிலிருந்து ஒருநாள் காவலர் கைக்குப் போகும். அன்று வளர்த்தவள் அழும் அழுகைக்குச் சட்டத்தில் மருந்தில்லை. கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்பதே கடமை. எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோதல் அன்று.

இனி, குழந்தை வந்தபின் அதனோடிருக்க வேண்டிய நாட்கள். ‘பெற்றவளுக்குத்தானே விடுமுறை, எடுத்தவளுக்கு எதற்கு?’ என்பார் இன்றும் உளர். பெற்ற உடல் தேறுவதற்கு மட்டுமன்று விடுமுறை. வந்த குழந்தை இம்மார்பு யாருடையது, இக்குரல் யாருடையது என்று அறிந்து தேறுவதற்கும்தான்.

ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு, இரண்டுக்குக் குறைந்த பிள்ளைகள் உடையராயின், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுமுறை உண்டு. தத்துக்கு முந்திய வளர்ப்புக்கெனக் குழந்தையைக் கையேற்றவுடனே விண்ணப்பிக்கலாம். ஆட்சியரின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டா. தந்தைக்கும் அதே நிபந்தனைகளின்மேல் 15 நாள் உண்டு. ஆறு திங்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். இதனைக் கேட்டு வரும் ஆண்களை நம் மேசையில் நாம் கண்டது மிக அரிது. அறியாதோர் சிலர்; ‘பிள்ளை பெற்றாயோ’ எனத் தோழர் நகைப்பரென்று அஞ்சுவோர் பலர். நகைப்பவர் நகைக்கட்டும், அந்தப் பதினைந்து நாளும் அக்குழந்தையின் நாட்கள். ஒரு வயது கடந்த குழந்தையை எடுத்த பெண் ஊழியர்க்கு, பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள் வரையுள்ள குழந்தை வளர்ப்பு விடுமுறை உதவும்.

தனியார் நிலையங்களில் பணிபுரிவோர் நிலை வேறு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம்தான் முதன்முதலாக, தத்தெடுத்த தாய்க்கு 12 வார ஊதிய விடுமுறை தந்தது. ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குட்பட்டதாக இருத்தல் வேண்டுமென்று அது எல்லை வகுத்தது. கைவிடப்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேடவே இரண்டு திங்கள்வரை செல்லும். தாயே ஒப்படைத்தாலும் அவள் மனம் மாறுதற்கு 60 நாள் தருவர். பின்னர்த் தாள்கள் நகர்ந்து தத்தெடுப்பவர் கைக்கு வருகையில் மூன்று மாதம் கடவாத குழந்தை எங்கே? ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டாற் போன்றது அது. இரு பிள்ளைகளைத் தத்தெடுத்த தாயொருவர் 2021இல் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 2024 நவம்பரில் நீதிமன்றம், இவ்வெல்லைக்குக் காரணம் என்னவென்று அரசை வினவியது. இவ்விதிகள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் சேர்ந்தன. ஆதலின் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைக் கேட்டறிந்தே எழுதுக. நம்மூர் ஜீன்ஸ் தையற்கூடங்களில் பணிபுரியும் தாய்மார் ஒன்றை மனத்திற்கொள்க: பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கும் சிறு கூடங்களுக்கும் இவ்விதியின் கை எட்டுவதரிது. அங்கே முதலாளியின் நல்லெண்ணமே விடுமுறையாகிறது. இந்நிலை மாறக் குரல் எழுப்ப வேண்டியவர் நாமே.

அண்ணாச்சியின் கதையை முடிக்கவேண்டும். பத்திரத்துக்கு அவர் இசைந்தபின்னும் ஒரு தடை நின்றது. அஃது ஊரிலுள்ள தாயின் மனம். தொலைபேசியில் கேட்டபோது, “கொடுத்தது அன்றைக்கே கொடுத்தாயிற்று. இப்போது எழுதிக் கொடு என்கிறீர்களே, நான் அவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதவா?” என்று அழுதாராம். அவர் கேட்டதில் பிழையில்லை. சட்டத்தின் மொழி அத்தகையது. அண்ணாச்சியின் துணைவியார் இரண்டு திங்கள் அதைப்பற்றிப் பேச்செடுக்கவில்லை. பின்னர்த் தாமே பேசினார்: “நீ அவளுக்கு ஒன்றுமில்லை என்று யாரும் எழுதவில்லை, தங்கச்சி. நான் அவளுக்கு யார் என்றுதான் எழுதப் போகிறோம்.”

ஐப்பசியில் அவர்கள் ஊருக்குச் சென்றனர். சிறுமியின் விருப்பத்தைக் கேட்கவேண்டுமென 1956ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடவில்லை, ஆயினும் கேட்டனர். “அங்கே அம்மாவைப் பார்க்க விடுவீர்கள்தானே?” என்பதே அவள் கேட்ட ஒரே வினா. கைக்குழந்தையாயின் தூக்கிக் கொடுக்கலாம்; 14 வயதுப் பெண்ணை எவ்வாறு கொடுப்பது? பெற்றவள் அவள் கையைப் பற்றி வளர்த்தவள் கையில் வைத்தாராம். மூவரும் அழுதனராம். அவ்வாரத்திலேயே பத்திரம் பதிவாயிற்று.

திரும்பும் பயணத்துக்கும் அவளுக்குத் தனி டிக்கெட்தான் வாங்கியிருந்தனர். பத்திரத்தின் நகலோடு அண்ணாச்சி தந்த விண்ணப்பம் இப்போது நம் மேசையில் உள்ளது. பணிப்பதிவேட்டில் அவள் பெயர் ஏறவேண்டும்; அதன்பின் பாஸிலும், நாளை அண்ணாச்சிக்கு எது நேரினும் குடும்ப ஓய்வூதியத்துக்குரியோர் வரிசையிலும் அவள் மகளாகவே நிற்பாள். வரும் கோடையில் கல்யாண் நடைமேடையில் அவளைக் காணும்போது நமக்கு ஒளிய வேண்டிய தேவையிராது.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் ஏட்டில் ஏறாத பிள்ளை ஒன்று வளருமாயின், இவ்விதழை மடித்து வைக்குமுன் அப்பிள்ளையின் வயதைக் கணக்கிடுங்கள்.